துணைநிலை ஆளுநர்: யாருடைய நிலை?

புதுச்சேரிப் பேச்சில் ‘கவர்னர்’, செய்தித்தாளில் ‘துணைநிலை ஆளுநர்’. ‘துணைநிலை’க்கு மூலச்சொல்லான ஆங்கில ‘லெப்டினன்ட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘லியு’ என்றால் இடம். ‘தெனான்’ என்றால் பிடித்திருப்பவர். இன்னொருவர் இடத்தில் இருந்து அவர் வேலையைப் பார்ப்பவர் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊருக்கு அச்சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து சேர்ந்தது வேடிக்கைதான்.

‘துணை ஆளுநர்’ என்று எழுதுவது பிழை. அவருக்கு மேலே இன்னொரு ஆளுநர் கிடையாது. அவர் நிற்பது குடியரசுத் தலைவரின் நிலையில். ஆகவே அந்த ‘நிலை’யை விட்டுவிடக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 239-ஆம் பிரிவு ‘நிர்வாகி’ என்றே சொல்கிறது; துணைநிலை ஆளுநர் என்பது அந்த நிர்வாகிக்குச் சூட்டும் பதவிப்பெயர்.

வாக்காளருக்குச் சிக்கல் இங்கேதான். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்தில் ஒரு திட்டம் நின்றால், முதலில் கேட்க வேண்டியது தமிழக அமைச்சரவையை. புதுச்சேரிப் பக்கம் அப்படியல்ல. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்கு, நடைமுறையில் மத்திய அரசுக்குப் போகும். முடிவு வரும்வரை, அவசரம் என்று கருதினால் துணைநிலை ஆளுநரே உத்தரவிடலாம். இலவச அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா என்ற தகராறு இப்படித்தான் டெல்லிக்குப் போனது. அரிசி வராததற்கு யாரைத் திட்டுவது? அமைச்சர் ‘கோப்பை அனுப்பிவிட்டோம்’ என்பார். துணைநிலை ஆளுநர் பக்கம் ‘விதிப்படி திருப்பினோம்’ என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

சட்டமன்றத்திலும் இதே கதை. தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். மத்திய அரசு 3 பேர்வரை நியமிக்கலாம். புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்கள் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரி 22 அன்று முதலமைச்சர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கவிழ்ந்தபோது, ஆளுந்தரப்பில் சபாநாயகரோடு சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்த 14-இல் மூவர் நியமன உறுப்பினர்கள்.

திட்டம் நின்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று தேதிகளைக் கேளுங்கள்: அமைச்சரவை முடிவெடுத்தது, கோப்பு துணைநிலை ஆளுநரிடம் போனது, அங்கிருந்து திரும்பியது அல்லது டெல்லிக்குப் போனது. முதல் தேதியே இல்லையென்றால் கணக்கு சட்டமன்றத் தேர்தலில். மூன்றாவதில் நின்றிருந்தால் மக்களவைத் தேர்தலில். அங்கே புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து இருப்பது ஒரே தொகுதி.