மெர்க்குரி: பத்திரிகையின் பேரில் வந்தால் என்ன பொருள்?

மெர்க்குரி என்றதும் தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசம் நினைவுக்கு வரும், இல்லையென்றால் புதன் கோள். ஆனால் 1720 மே 2-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஊரில் வெளிவரத் தொடங்கிய வாரப் பத்திரிகைக்குப் பேர் 'நார்தாம்ப்டன் மெர்க்குரி'. ஸ்டாம்ஃபர்ட், லீட்ஸ், நாரிச் ஊர்களிலும் மெர்க்குரிகள் இருந்தன. இந்தப் பேர்களில் பாதரசத்துக்கும் வேலையில்லை, கோளுக்கும் வேலையில்லை.

மூலச்சொல் லத்தீனில் மெர்க்கூரியஸ். ரோமானியர்களின் தெய்வம், காலில் சிறகு முளைத்த செருப்போடு தேவர்களின் சேதியைச் சுமந்துகொண்டு ஓடுகிறவன். அதோடு அவன் வணிகர்களின் தெய்வமும்கூட. சரக்கு என்று பொருள்படும் 'மெர்க்ஸ்' என்ற லத்தீன் சொல்லோடுதான் அவன் பேரைப் பொதுவாக இணைத்துச் சொல்வார்கள். ஓடுகிறவன் என்பதால்தான் 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும் கோளுக்கும், கையில் நிற்காமல் உருண்டோடும் உலோகத்துக்கும் அவன் பேர் போனது. சேதி, சரக்கு என்ற இந்த இரண்டு வேலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரிகைக்கு இரண்டுமே பொருந்தும்.

அச்சுக்கு இந்தப் பேர் வந்தது ஜெர்மனியின் கொலோன் நகரில். அங்கே 1594 முதல் 'மெர்க்கூரியஸ் கல்லோபெல்கிகஸ்' என்ற லத்தீன் செய்தித் தொகுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. அப்புறம் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் வந்தபோது அரசர் தரப்பு 1643-இல் ஆக்ஸ்ஃபர்டில் 'மெர்க்கூரியஸ் ஆலிகஸ்' என்று தொடங்க, அதே வருடம் நாடாளுமன்றத் தரப்பு 'மெர்க்கூரியஸ் பிரிட்டானிகஸ்' என்று பதிலடி கொடுத்தது. பேர் அப்படியே நிலைத்துவிட்டது, எந்த அளவுக்கென்றால், லண்டனில் அச்சகங்களிலிருந்து தாள்களை மொத்தமாக வாங்கித் தெருவில் விற்பவர்களுக்குக் கொடுத்த பெண்களுக்கே 'மெர்க்குரி பெண்கள்' என்று பேர் விழுந்தது.

சரி, வெளியூர்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? 1695 வரை இருந்த உரிமச் சட்டம் அச்சுத் தொழிலை லண்டன், ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், யார்க் என்ற நான்கு ஊர்களோடு நிறுத்தி வைத்திருந்தது. அந்த வருடம் சட்டம் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அச்சுக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மற்ற ஊர்களுக்குக் கிளம்பினார்கள், 1701-இல் நாரிச்சில் முதல் வெளியூர்ப் பத்திரிகை வந்துவிட்டது. நார்தாம்ப்டன் மெர்க்குரியைத் தொடங்கிய ராபர்ட் ரைக்ஸ், வில்லியம் டைசி இருவரும் அதற்கு முன் செயின்ட் ஐவ்ஸ் என்ற சிற்றூரில் பத்திரிகை நடத்தியவர்கள். 1722-இல் இதே கூட்டாளிகள் குளோஸ்டர் ஊரில் இன்னொரு வாரப் பத்திரிகை போட்டார்கள்; 1725-இல் பிரிந்தபோது குளோஸ்டர் ரைக்ஸுக்கு, நார்தாம்ப்டன் டைசிக்கு.

இந்தப் பத்திரிகைகள் எப்படித் தயாராயின என்று பார்த்தால்தான் பேர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். நிருபர் என்று யாரும் கிடையாது. லண்டனிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று தபால் கிளம்பும், அதில் வரும் லண்டன் பத்திரிகைகளையும் கையால் எழுதிய செய்திக் கடிதங்களையும் பார்த்து அப்படியே எழுத்துக் கோப்பார்கள், எந்தத் தபாலில் எது வந்தது என்ற வரிசையிலேயே செய்திகள் அச்சாகும். உள்ளூர்ச் செய்தி கொஞ்சம்தான், உள்ளூரில் நடந்ததுதான் சந்தையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. அதாவது தூரத்துச் சேதியைச் சுமந்து வருவதுதான் பத்திரிகையின் வேலை, எழுதுவது அல்ல.

பக்கக் கணக்குக்குப் பின்னால் வரி இருந்தது. 1712-இல் வந்த முத்திரை வரிப்படி அரைத் தாளில் அச்சிட்டால் பிரதிக்கு அரைப் பென்னி, முழுத் தாள் என்றால் ஒரு பென்னி. ஆனால் ஒரு தாளுக்கு மேல் போனால் சட்டத்தின் கண்ணில் அது பத்திரிகை இல்லை, சிறுநூல். எத்தனை பிரதி அடித்தாலும் மொத்தப் பதிப்புக்கும் சேர்த்துச் சில ஷில்லிங் கட்டினால் போதும். அதனால் ஒன்றரைத் தாளை மடித்து 12 பக்கமாகப் போட்டார்கள், அத்தனை பக்கத்தையும் நிரப்பக் கட்டுரை, கவிதை என்று எது கிடைத்தாலும் சேர்த்தார்கள். ஒரு வாரத்தாளின் உருவத்தையே வரிச் சட்டத்தின் ஓட்டை தீர்மானித்தது என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம். 1725-இல் ஓட்டையை அடைத்தார்கள், பக்கங்கள் குறைந்தன.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க நடந்தும் குதிரையிலும் போகும் ஆட்கள் இருந்தார்கள். டைசிக்கு 'டாக்டர் பேட்மேன் சொட்டு மருந்து' என்று 1726-இல் காப்புரிமை பெற்ற நெஞ்சு மருந்தின் வியாபாரத்திலும் பங்கு உண்டு, தெருப்பாட்டுத் தாள்களும் சின்னக் கதைப் புத்தகங்களும் அச்சிட்டு விற்றார். பத்திரிகை போன அதே பையில் மருந்துப் புட்டியும் போனது. சேதியும் சரக்கும் ஒரே ஆளின் தோளில்!

ஸ்டாம்ஃபர்ட் மெர்க்குரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 1695-இல் தொடங்கியது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். வருடத்துக்கு இரண்டு தொகுதி வந்ததை ஒன்று என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதால் வந்த குழப்பம் அது. பிறந்தது 1710-க்குப் பிறகுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அப்படிப் பார்த்தாலும் வயது 300-ஐத் தாண்டிவிட்டது.

தமிழோடு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1852-இல் தொடங்கியது 'நேட்டால் மெர்க்குரி'. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் கரையிறங்கிய காட்சியை விரிவாக எழுதி வைத்தது அந்தப் பத்திரிகைதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? பாதரசம் என்றால் அபத்தம். புதன் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, நம் சோதிடத்திலும் பேச்சுக்கும் வணிகத்துக்கும் உரியவன் புதன்தான், ஆனால் ஒரு வாரப் பத்திரிகைக்கு 'நார்தாம்ப்டன் புதன்' என்று பேர் போட்டால் படிப்பவர் கிழமை என்றுதான் எடுத்துக்கொள்வார். என் கணக்கில் சரியான சொல் 'தூதன்'. 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்று தொல்காப்பியமே தலைவன் பிரிந்து போகும் காரணங்களில் தூதையும் வைக்கிறது, அவ்வளவு காலமாக நம்மிடம் புழங்கும் சொல். வணிகப் பொருள் இதில் விட்டுப்போகும், அது உண்மைதான். ஆனாலும் சேதியைக் கொண்டுவரும் வழியையே பத்திரிகைக்குப் பேராக வைப்பது நமக்குப் புதிதல்ல, 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் பேரும் அந்த வகைதான். கட்டுரையில் எழுதும்போது பத்திரிகையின் பேரை 'நார்தாம்ப்டன் மெர்க்குரி' என்று அப்படியே விட்டுவிட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'தூதன் என்று பொருள்' என்று சேர்த்துவிட்டால் போதும்.