எச்சில் தட்டும் மூன்றரை மணி நேரமும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா வந்த முதல் நாள் ராத்திரி, பாத்திரம் கழுவும் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் 3:28 என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு, கிரைண்டரு ஒரு வாரத்து மாவையே முக்கா மணி நேரத்துல ஆட்டிப்போடுது. நாலு வட்டலக் கழுவ இது மூணரை மணி நேரமா உருட்டோணும்? அங்க அரை மணின்னு ஒரு பட்டன் இருக்குதல்ல, அத அமுக்குனா ஆவாதா?"

நியாயமான கேள்விதான். மெஷின் வாங்கிய புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அரை மணியில் முடியும் வேலையை மூன்றரை மணி நேரம் இழுத்தால் கரண்ட் பில் எகிறாதா? வாயால் விளக்கி அம்மாவை நம்பவைக்க முடியாது என்பதால் ஒரு சோதனை வைத்தேன்.

நான்கு எவர்சில்வர் தட்டுகள், நான்கிலும் அரிசிம்பருப்புச் சாதம். இரண்டு தட்டுகள் முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுக் காயவிட்டவை. பருக்கை கல்லாக ஒட்டியிருந்தது. மற்ற இரண்டும் அப்போதுதான் சாப்பிட்டவை. காய்ந்தது ஒன்று, ஈரமானது ஒன்று என்று ஒரு ஜோடியை அரை மணி நேர ஓட்டத்தில் போட்டேன். அடுத்த ஜோடியை 'எக்கோ' என்ற நீண்ட ஓட்டத்தில் போட்டேன். வெளியே எடுத்தபோது நான்கும் பளபளவென்றுதான் இருந்தன. "பாத்தியா, ஒரே மாதிரிதான் இருக்குது" என்றார் அம்மா.

காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் தண்ணீர் கலந்து, ஒவ்வொரு தட்டிலும் சில சொட்டுகள் விட்டேன். மூன்று தட்டுகளில் அது பழுப்பாகவே வழிந்தது. அரை மணி ஓட்டத்தில் போன காய்ந்த தட்டில் மட்டும், சொட்டு பட்ட இடமெல்லாம் கருநீலம். கையில் தடவினால் தெரியாத மெல்லிய மாவுப்படலம், முந்தின நாள் சாதம் இருந்த இடத்தை அப்படியே வரைந்து காட்டியது. மாவுச்சத்து இருந்தால் அயோடின் நீலமாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அது நம் வீட்டுச் 'சுத்தமான' தட்டிலும் வரும் என்று நான்கூட எதிர்பார்க்கவில்லை.

சோறு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? அரிசி வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை வெளியே விடுகின்றன. ஈரமாக இருக்கும்வரை அவை வழுக்கிப் போய்விடும். காய்ந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு படலமாகிவிடும். வேட்டிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்பது இதனால்தான். சென்னிமலை, பவானிப் பக்கம் தறிக்காரர்களைக் கேட்டால், பாவுக்குக் கஞ்சி போடாவிட்டால் நூல் நிற்காது என்பார்கள். அப்படி நெய்த துணியைச் சாயத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கஞ்சியை எடுக்க வேண்டும். ஆலைகளில் அதற்குப் பயன்படுத்துவது அமைலேஸ் என்ற நொதியை. நம் டிஷ்வாஷர் பவுடரில் இருப்பதும் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோற்றை வாயில் போட்டு நிறைய நேரம் மென்றால் லேசாக இனிக்கும். நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ், மாவுச்சத்துச் சங்கிலியைச் சர்க்கரைத் துண்டுகளாக வெட்டுவதால் வரும் இனிப்பு அது. பவுடரில் இருப்பது நுண்ணுயிரிகளிடமிருந்து எடுக்கும் அதே இனத்து நொதி. ஆக, எச்சில் தட்டைச் சுத்தம் செய்வது எச்சிலின் பங்காளிதான். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தத் தட்டை மறுபடி கையால் ஒரு தடவை விளக்கிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

நொதியை அவசரப்படுத்த முடியாது. குளிர்ந்த தண்ணீரில் சோம்பிக் கிடக்கும். சூடு ஏற ஏற வேகம் கூடி, 50, 60 டிகிரிப் பக்கம் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் நொதியே ஒரு புரதம் என்பதால் உருக்குலைந்துபோகும். பால் காய்ச்சிய போசியில் ஒட்டிய ஆடை, முட்டைக் கறை இதற்கெல்லாம் புரோட்டியேஸ் என்ற வேறொரு நொதி இருக்கிறது. அதன் கதையும் இதேதான். நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் பச்சைத் தண்ணீராகத் தொடங்கி மெல்லச் சூடாவதில் ஒரு நன்மை உண்டு. எடுத்தவுடன் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாலும் முட்டையும் வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அரை மணி ஓட்டத்தில் சூடேறும் நேரம், அலசும் நேரம் எல்லாம் போக, நொதிக்குத் தோதான சூட்டில் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

ஜெர்மனியில் ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-ல் இதை ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டினார். எதைக் கழுவினாலும் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்: சூடு, நேரம், மருந்து, தேய்ப்பு. ஒருவரின் பங்கைக் குறைத்தால் மற்றவர்கள் அதை ஈடுகட்ட வேண்டும். களி கிண்டிய சட்டியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு விளக்கிய ஆத்தாவுக்கு இந்த வட்டம் கைப்பழக்கமாகவே தெரியும். சாம்பலில் இருக்கும் காரம்தான் மருந்து, நார் தேய்ப்பு, ஊறவைத்தது நேரம். வெந்நீருக்கு விறகு செலவாகும் என்பதால் சூட்டை மட்டும் விட்டுவிட்டார். எக்கோ ஓட்டத்தின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கிலோ கலோரி. மெஷின் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பிடித்து அதையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. 25 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக 100 கிலோ கலோரி, அதாவது 0.12 யூனிட். 70-க்குப் போனால் 180 கிலோ கலோரி, 0.21 யூனிட். கூடவே தட்டு, டம்ளர், மெஷினின் உள்தொட்டி எல்லாம் சூடாக வேண்டும். கடைசி அலசலுக்கு இன்னொரு முறை சூடாக்க வேண்டும். எல்லாம் சேர்த்து, பெரிய மெஷின்களில் எக்கோ ஓட்டத்துக்கு 0.8 யூனிட் பக்கமும், 70 டிகிரி ஓட்டத்துக்கு 1.4 யூனிட் பக்கமும் வருகிறது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்கோ பழைய குண்டு பல்பு அளவு கரண்ட் போதும். அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். ஹீட்டரோ 2000 வாட்டை ஒட்டி இழுக்கும். மூன்று மணி நேரம் ஓடுவது மலிவு, இருபது டிகிரி கூடுதலாகச் சூடாக்குவதுதான் செலவு. தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் வித்தியாசம்.

அப்போது அரை மணி ஓட்டம் மிச்சமா, விரயமா? இங்கேதான் குழப்பம். 'குவிக்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 45 டிகிரியில் 30 நிமிடம் ஓடுவது ஒரு வகை. சூடும் குறைவு, நேரமும் குறைவு, முன்னலசலும் உலர்த்தலும் கிடையாது. கரண்ட் எக்கோவை ஒட்டியே வரும். பழரச டம்ளர், உடனே சாப்பிட்டுப் போட்ட தட்டு என்றால் தாராளமாகப் போதும். இன்னொரு வகை ஒரு மணி நேரத்தில் 65 டிகிரி வரை போவது. நேரத்தைக் குறைத்ததற்குச் சூட்டையும் தண்ணீர் அடியையும் கூட்டிக்கொள்கிறது. நன்றாகவே கழுவும், கரண்டும் கூடத்தான் இழுக்கும். என் சோதனையில் தோற்றது முதல் வகைதான். அந்த ஓட்டத்தில் பவுடருக்குப் பதில் சோப்பு மாத்திரை போட்டால் பாதிதான் கரைகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன், பவுடர் தேவலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாட்டுக்கறி எடுத்தால் கதை மாறும். நெய்யும் தேங்காய் எண்ணெயும் 45 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். ஆட்டுக் கொழுப்பு உருகவே அந்தச் சூடு வேண்டும். 45 டிகிரியில் ஓட்டினால் அது தட்டை விட்டுக் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போய் மெழுகாக ஒட்டும். அன்றைக்குக் கரண்டைப் பார்க்காமல் 70 டிகிரி பட்டனை அமுக்கிவிடுவேன்.

தேய்ப்பைப் பற்றி, பம்புக்குப் பேர்போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது ஒரு சின்ன பம்பு. துளையிட்ட இரண்டு மூன்று கைகளின் வழியே அது தண்ணீரைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சும் எதிர்விசையிலேயே அந்தக் கைகள் சங்குசக்கரம் போலச் சுழல்கின்றன. அவற்றுக்குத் தனி மோட்டார் கிடையாது. புருசு வைத்துத் தேய்க்காமல் தண்ணீரின் வேகத்தை நம்பலாம் என்று காட்டி 1886-ல் காப்புரிமை வாங்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்தில் பெரியது. எங்கள் வீட்டுக்குச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிறது. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று சொல்லிக்கொள்வோம். முதல் இடம் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சுவையை விடுங்கள், அது சுண்ணாம்பு குறைந்த மென்னீர், மெஷினுக்கு நல்லது. கிழக்கே பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டதும் வெள்ளையாகப் படியும். சூடான ஓட்டமாக ஓட்டினால் படிவதும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். மெஷினுக்குள் இருக்கும் பிசின் மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. நாம் போடும் டிஷ்வாஷர் உப்பு, மணிகளில் சேர்ந்த சுண்ணாம்பைக் கழுவி அவற்றைப் பழையபடி ஆக்குகிறது. உப்பு தீர்ந்துபோனால் எந்த பட்டனை அமுக்கினாலும் டம்ளர் பூத்துப்போய்த்தான் வரும்.

ஈரோட்டு மஞ்சளிடம் மட்டும் இந்த மெஷின் தோற்றுப்போகிறது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள்ளேயே இறங்கிவிடும். காரத்தன்மையுள்ள டிஷ்வாஷர் பவுடர் பட்டால் முதலில் சிவப்பாகக்கூடத் தெரியும். அரை மணி ஓட்டமோ மூன்றரை மணி ஓட்டமோ, மஞ்சள் போகாது. இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். இரும்பு தோசைக்கல், மண்சட்டி, அலுமினிய வடைச்சட்டி இவையெல்லாம் உள்ளேயே போகக் கூடாது.

இப்போது வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு எக்கோ. விருந்தாள் வந்து டம்ளர் பற்றாக்குறை என்றால் அரை மணி. அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் ஒருநாள், எக்கோவில் ஓட்டியும் மேல் அடுக்கில் இருந்த டம்ளர்கள் அழுக்காகவே வந்தன. பவுடரைச் சந்தேகப்பட்டேன், உப்பைச் சந்தேகப்பட்டேன், மறுபடி அயோடினைக்கூட எடுத்தேன். அம்மா தண்ணீர் பீய்ச்சும் மேல்கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தார். துளைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தது தாளிப்புக் கடுகு. குத்தி எடுத்ததும் பதினொன்று எண்ணினோம்.