ஊருக்கு அரை நாள் போதும் என்று திட்டம் போடாதீர்கள்

வவுனியாவில் இருந்துகொண்டு, விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுப்பதும் வான் ஒழுங்கு செய்வதுமாகப் பதினான்கு வருடங்கள் கழிந்துவிட்டன. ஒவ்வொரு ஜூலை, ஓகஸ்டிலும் ஒரே பிழையைக் கண்டு, ஒரே விளக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. சென்ற ஓகஸ்டில் நடந்ததற்குப் பிறகு, இதை எழுதிவைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கு அனுப்புவதே மேல் என்று தோன்றியது.

இலண்டனிலிருந்து ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் அனுப்பிய தாளில் ஒரே நாளுக்குள் சீகிரியா, பொலன்னறுவை, அதன் கீழே ‘இரவு அம்மம்மா வீடு’ என்று எழுதியிருந்தது. அம்மம்மாவின் வீடு ஒட்டுசுட்டானுக்கும் அப்பால் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஹபரணை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம் என்று சுற்றி வந்தால் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். மாற்றச் சொன்னேன். கூகிள் மப் நான்கு மணித்தியாலம் என்றுதான் காட்டுகிறது என்று பதில் வந்தது. நானும் அதற்குமேல் வாதாடவில்லை. அது என் பிழை.

சீகிரியாவில் ஏறத் தொடங்கும்போதே பத்து மணி. பொலன்னறுவைக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. பிள்ளைகளில் இருவர் வானைவிட்டு இறங்கவே இல்லை. இருட்டும் நேரத்தில் மின்னேரியாப் பக்கம் யானைகள் வீதியில் நின்றதால் முக்கால் மணித்தியாலம் வாகனங்கள் அசையவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. அம்மம்மா விரால் குழம்பு வைத்து, புட்டைச் சுளகால் மூடிவிட்டு, விறாந்தையில் அரிக்கன் லாம்போடு உட்கார்ந்திருந்தாராம். நித்திரையான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். புட்டை யாரும் தொடவில்லை. யாழ்ப்பாணத்தில் அறை பதிவுசெய்திருந்தபடியால் காலை எட்டு மணிக்கு வான் புறப்பட்டுவிட்டது. “வந்ததும் தெரியேல்லை, போனதும் தெரியேல்லை தம்பி” என்று அந்தத் தாய் எங்கள் சாரதியிடம் சொல்லியிருக்கிறார். பதினான்கு வருடங்களில் இப்படியான வசனத்தை நான் கேட்பது இது முதல் தடவை அல்ல.

‘ஊர்தானே, போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்’ என்ற எண்ணத்தில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரலாற்று நகரத்துக்குத் திறக்கும் நேரம், பூட்டும் நேரம், நுழைவுச்சீட்டு எல்லாம் இருப்பதால் அதற்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. ஊருக்கு வாசற்கதவு இல்லாதபடியால், எந்த நேரத்தில் போனாலும் ஊர் அப்படியேதான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஊருக்குத்தான் நேரம் மிகக் கண்டிப்பானது. வன்னியில் மே முதல் செப்டெம்பர் வரை மழை அரிது. சோளகக் காற்று புழுதியை வாரி வீசும். முற்பகல் பதினொரு மணியிலிருந்து மூன்றரை மணி வரை வேலையுள்ளவனும் நிழல் தேடி ஒதுங்கிவிடுவான். அந்த நேரத்தில் வானை நிறுத்தி இறங்குபவர்கள் காண்பது பூட்டிய கடையையும், வேப்பமரத்தின் கீழ் படுத்திருக்கும் நாயையும்தான். “இங்கே பார்க்க ஒன்றுமில்லையே” என்று பிள்ளை சொன்னால் அந்தப் பிள்ளையில் என்ன பிழை? அதே பிள்ளையை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பிக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வரும் தோணி, அதற்காகச் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு காத்துநிற்கும் மீன்காரர், அலைகரையில் இறங்கும் எருமைகள், சிறுபோக வயலில் அரிவு வெட்டு என்று இரண்டு மணித்தியாலம் போனதே தெரியாது. மாலையில் அதேபோல் இன்னொரு இரண்டு மணித்தியாலம். ஆக, ஊரில் ஒரு நாளைக்குக் கிடைப்பது மொத்தம் நான்கு மணித்தியாலங்கள்தான், அதுவும் முதல் நாள் இரவே அங்கே படுத்தவருக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆகவேதான் குறைந்தது மூன்று இரவு என்று நான் அடித்துச் சொல்கிறேன். ஒரு இரவு களைப்புக்குப் போய்விடும். இரண்டாம் நாள்தான் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு பேசத் தொடங்குவார்கள்.

வரலாற்று நகரங்களுக்கும் காலைதான் வேண்டும், ஆனால் ஒரு நகரத்துக்கு ஒரு காலை போதும். அனுராதபுரத்தில் தாதுகோபுரங்களைச் சுற்றியுள்ள மலுவில் (கல் பதித்த முற்றத்தில்) பாதணியும் தொப்பியும் கழற்றியே ஆகவேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தக் கற்றளம் தோசைக்கல். ருவன்வெலிசாயவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி, கடைசியில் தகப்பனின் முதுகில் ஏறிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். உள்ளங்காலில் கொப்புளத்தோடு அவன் அடுத்த நான்கு நாட்களைக் கழித்தான். தடித்த காலுறை போட்டு நடக்கலாம், யாரும் தடுப்பதில்லை. சீகிரியாவில் ஏறத்தாழ 1200 படிகள். வாசல் திறக்கும் நேரத்துக்கே அங்கே நில்லுங்கள். குளவிக்கூடு உள்ள இடங்களில் சத்தம் போடவேண்டாம் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இன்னொன்று: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குக் கட்டணம் டொலரில் கணக்கிடப்படும். சீகிரியாவுக்கு மட்டும் ஒருவருக்கு 30 டொலருக்கு மேல். என் ஊர் முல்லைத்தீவு என்று வாயிலில் நின்று வாதாடுவதால் அது குறையாது. அவ்வளவு பணத்தைக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் பாதி வழியில் திரும்பி வருவதைப் பார்க்க எனக்கே வயிறு எரிகிறது.

பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவேண்டும் என்றுதான் இந்த நகரங்களுக்குக் கூட்டிவருகிறோம் என்று பெற்றோர் சொல்வார்கள். ஆனால் பொலன்னறுவையில் கருங்கல்லால் கட்டப்பட்ட வானவன்மாதேவி ஈச்சரத்தைப் பெரும்பாலானோர் வானின் கண்ணாடிக்கூடாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சோழர் 993ஆம் ஆண்டளவில் இலங்கையின் வடபகுதியைப் பிடித்து, பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று அழைத்த காலத்துக் கோயில் அது. இன்றும் உள்ளே நின்று கும்பிடலாம். அங்கிருந்து அதிக தூரமில்லை, புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட மாளிகையைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதியளித்து வெட்டிய தமிழ்க் கல்வெட்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கல்லில் ஒன்றிரண்டு எழுத்தாவது பிடிபடும். அனுராதபுரத்தில் அபயகிரிப் பக்கம் தமிழ் இல்லறத்தார் கட்டிய மேடை ஒன்றும் பிராமிக் கல்வெட்டோடு இருக்கிறது. பொலன்னறுவையில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வாசல் திறந்தவுடனேயே தொடங்கி, பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். நான்கு இடங்களை நன்றாகப் பார்த்தால் போதும். பதினான்கு இடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பது பயணம் அல்ல. படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் பொலிஸ் வரை போகும்.

வரலாறு நகரத்தில் மட்டும் இருப்பதாகவும் எண்ணவேண்டாம். நான் மேலே சொன்ன அம்மம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில்தான் கற்சிலைமடு இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் நின்ற ஊர் அது. பக்கத்தில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில். அந்த ஏழு பேரும் இவ்விரண்டுக்கும் அருகில் எட்டு மணித்தியாலம் இருந்தார்கள், எட்டும் இருட்டிலும் நித்திரையிலும் போய்விட்டன.

சரி, எப்படித்தான் போடுவது? கட்டுநாயக்காவில் இரவு இறங்கினால் அங்கேயே அருகில் படுங்கள். விமானத்திலிருந்து இறங்கியவுடன் இரவோடு இரவாக வன்னிக்கு ஓடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். நீங்கள் பின்னால் நித்திரை கொள்வீர்கள், சாரதியும் மனிதன்தான். அடுத்த நாள் குருநாகல், தம்புள்ளை வழியாக ஹபரணைக்கு வந்து இரண்டு இரவு தங்கினால் சீகிரியாவுக்கு ஒரு காலை, பொலன்னறுவைக்கு ஒரு காலை கிடைக்கும். மின்னேரியாக் குளத்தில் யானைக்கூட்டம் சேரும் காலமும் இதுதான், பின்னேரத்தில் அதைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் அறைக்குத் திரும்பலாம். பிறகு அனுராதபுரத்தில் ஒரு இரவு. மறுநாள் மதியத்துக்கு முன்பே ஏ9 வீதியில் ஏறினால் வெளிச்சத்திலேயே ஊர். யாழ்ப்பாணம் கடைசியில். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கி 25 நாட்கள் நடப்பது, ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறும். அதைப் பார்க்காமல் அறை பதியாதீர்கள். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் மன்னார் பக்க வீதிகளில் நெரிசலை எதிர்பாருங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியோடு முடிந்துவிடும், ஜூலையில் வந்துவிட்டு என்னைக் கேட்கவேண்டாம்.

ஊரில் சில கட்டுப்பாடுகள். குளத்தில் தண்ணீர் வற்றும்போது முதலைகள் எஞ்சிய மடுவுக்குள்தான் ஒதுங்கும், ஊரார் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுப் பக்கம் போகவே வேண்டாம். காட்டோரத்தில் பாலைப்பழம் பொறுக்க ஆசை வரும். அதே பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால் ஊர்க்காரர் ஒருவர் இல்லாமல் போகக்கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை எங்கே தெரிந்தாலும் ஓர் அடிகூட அப்பால் வைக்கக்கூடாது, பலகை பழசாக இருந்தாலும்தான். இருட்டிய பிறகு உள்வீதிகளில் வானை எடுக்கச் சொல்லி எங்கள் பையன்களை வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக, இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். ஓகஸ்டில் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஒன்பது பேர் ஒரே காலையில் குளித்தால் அன்று மாலை அந்த வீட்டார் பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்குக் காத்திருக்கவேண்டும், அதை உங்களிடம் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். ஆகையால் திட்டத்தை எனக்கு அனுப்பும்போது எத்தனை இடம் பார்க்கவேண்டும் என்று எழுதாமல், யார் யார் வருகிறீர்கள், யாருக்கு முழங்கால் நோ, எந்தப் பிள்ளைக்கு வானில் சத்தி வரும் என்று எழுதுங்கள். ஊரில் இருப்பவரின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். அறை பதிவதற்கு முன்னால் நான் முதலில் பேசுவது அவரோடுதான்: கிணற்றில் இப்போது எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பேன்.