கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் உங்கள் நாட்டில் அனுமதி பெற்றதா? பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

செயலி போனில் இறங்கிவிட்டது, மின்னஞ்சல் கொடுத்ததும் கணக்கும் திறந்துவிட்டது. இதை வைத்து அந்த எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் தளம், உங்கள் நாட்டில் இயங்க அனுமதி பெற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே வரும்போது எதையும் கேட்காமல் விட்டுவிட்டு, பணத்தை எடுக்கப் போகும்போது அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் கேட்கும் தளங்கள் நிறைய உண்டு. அந்தக் கட்டத்தில் 'உங்கள் நாட்டுக்குச் சேவை இல்லை' என்று வந்தால், உள்ளே இருக்கும் பணம் மாட்டிக்கொள்ளும். அதனால் இந்தச் சரிபார்ப்பை முதல் தொகையைப் போடும் முன்பே முடித்துவிட வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று. எக்ஸ்சேஞ்ச் உங்களை வாடிக்கையாளராக ஏற்கிறதா? உங்கள் அரசு அந்த எக்ஸ்சேஞ்சை ஏற்கிறதா? உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணம் அதே கணக்குக்குத் திரும்பி வருமா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தால் மற்ற இரண்டுக்கும் அப்படியே வரும் என்பதில்லை.

முதலில் நிறுவனத்தின் சட்டப் பெயர்

பலர் தவறுவது இங்கேதான். எக்ஸ்சேஞ்சின் பெயர் ஒன்று, உங்களோடு ஒப்பந்தம் போடும் நிறுவனத்தின் பெயர் வேறு. கிராக்கன் என்று எல்லோரும் சொல்லும் எக்ஸ்சேஞ்சின் நிறுவனப் பெயர் பேவர்ட். அரசுப் பதிவேட்டில் கிராக்கன் என்று மட்டும் தேடினால் சில இடங்களில் ஒன்றும் வராமல் போகலாம். பைனான்ஸ் (Binance) என்ற எக்ஸ்சேஞ்சிலும் பைனான்ஸ்.காம் வேறு, அமெரிக்காவுக்கான பைனான்ஸ்.யுஎஸ் வேறு. ஜப்பானில் பைனான்ஸ் நுழைந்ததே, அங்கு ஏற்கெனவே பதிவு பெற்றிருந்த ஒரு நிறுவனத்தை 2022-இல் வாங்கித்தான். ஒரு நாட்டில் ஒரு கிளை நிறுவனம் வாங்கிய உரிமம், வேறொரு நாட்டில் இருக்கும் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

சட்டப் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. தளத்தின் அடிப்பகுதியில் பயன்பாட்டு விதிமுறைகள் என்ற இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் முதல் சில பத்திகளிலேயே, நீங்கள் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்கிறீர்கள், அது எந்த நாட்டில் பதிவானது என்று எழுதியிருப்பார்கள். பெரிய எக்ஸ்சேஞ்சுகள் 'இந்த நாட்டில் வசிப்பவருக்கு இந்த நிறுவனம்' என்று அட்டவணையே போட்டிருக்கும். பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்', 'ப்ரொஹிபிட்டட்', 'எலிஜிபிலிட்டி' ஆகிய ஆங்கிலச் சொற்களைத் தேடினால், சேவை மறுக்கப்படும் நாடுகளின் பட்டியல் கிடைத்துவிடும். நிறுவனப் பெயரே இல்லாத விதிமுறைப் பக்கம் என்றால், மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. அந்தத் தளத்தை விட்டு விலகுங்கள்.

பட்டியலில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் நீங்கள் வசிக்கும் நாட்டை. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது அடுத்த கேள்விதான். ஆனால் சில எக்ஸ்சேஞ்சுகள் குடியுரிமையையும் சேர்த்தே பார்க்கும். நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2015 முதல் பிட்லைசென்ஸ் என்ற தனி உரிமம் கேட்கிறது. மற்ற மாநிலங்களில் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் அங்கு இல்லாமல் போவது இதனால்தான்.

அரசுப் பதிவேட்டில் தேடுவது

சட்டப் பெயர் கையில் வந்ததும் உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்குப் போங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் தரும் 'எங்கள் உரிமத்தைப் பாருங்கள்' என்ற இணைப்பை அழுத்த வேண்டாம்; போலித் தளங்கள் போலிப் பதிவேட்டையும் சேர்த்தே செய்து வைக்கின்றன.

எங்கே தேடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2023 மார்ச் 7 அறிவிக்கையின்படி கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியர்களுக்குச் சேவை தந்தால் இது பொருந்தும். 2023 டிசம்பர் 28 அன்று பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உட்பட 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே அவற்றின் செயலிகள் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன, தளங்கள் முடக்கப்பட்டன. பைனான்சும் குகாயினும் பிறகு பதிவு செய்து, அபராதம் கட்டித் திரும்பி வந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரிப்டோவுக்கான மிகா ஒழுங்குமுறை 2024 டிசம்பர் 30 முதல் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பொருந்துகிறது. அங்கே ஓர் உறுப்பு நாட்டில் உரிமம் வாங்கினால் மற்ற உறுப்பு நாடுகளிலும் சேவை தரலாம். ஒன்றியத்தின் பத்திரச் சந்தை ஆணையமான எஸ்மா வெளியிடும் பதிவேட்டில் உரிமம் பெற்றவையும், விதியை மீறி இயங்குபவையும் தனித்தனிப் பட்டியலாக இருக்கும். மற்ற இடங்களில் பார்க்க வேண்டிய அமைப்புகள்: பிரிட்டனில் எஃப்சிஏ, சிங்கப்பூரில் எம்ஏஎஸ், மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷன், ஹாங்காங்கில் எஸ்எஃப்சி, துபாயில் வாரா, ஆஸ்திரேலியாவில் ஆஸ்ட்ராக். ஒவ்வொன்றுக்கும் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கக்கூடிய பதிவேடோ பட்டியலோ உண்டு. சீனாவில் தேட வேண்டிய தேவையே இல்லை: 2021 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் இணையம் வழியே அங்கு வசிப்போருக்குச் சேவை தருவதையும் சட்டவிரோதம் என்றது.

பெயர் பதிவேட்டில் இருந்தால் மட்டும் போதாது. பதிவை முழுக்கத் திறந்து படியுங்கள். நிலை என்ற இடத்தில் நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். அனுமதி எதற்கு என்று பாருங்கள்: மின்பணச் சேவைக்கு மட்டும் உரிமம் வாங்கிய நிறுவனம் கிரிப்டோ விற்க அனுமதி பெற்றதாகாது. பதிவில் இணைய முகவரி கொடுத்திருந்தால் உங்கள் உலாவியில் இருக்கும் முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியில் தளம் நடத்துவது மோசடிக்காரர்களின் வழக்கமான வேலை.

'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பதும் 'உரிமம் வாங்கியிருக்கிறோம்' என்பதும் ஒன்றல்ல. ஹாங்காங்கின் எஸ்எஃப்சி உரிமம் பெற்றவர்களுக்கு ஒரு பட்டியலும் விண்ணப்பித்தவர்களுக்கு வேறு பட்டியலும் வைத்திருப்பது இதற்காகத்தான். 2023 செப்டம்பரில் ஜேபெக்ஸ் தளத்தைப் பற்றி அது எச்சரித்தபோது, அந்தத் தளம் உரிமம் வாங்கவும் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது.

இன்னொரு பொறி, அமெரிக்க நிதித்துறையின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்செனில் செய்யும் பதிவு. பணச் சேவை நிறுவனமாக அங்கே பதிந்த சான்றை உரிமம் போலக் காட்டும் தளங்கள் ஏராளம். அந்தப் பட்டியலில் இடம்பெறுவது எந்த அரசு அமைப்பின் பரிந்துரையோ நம்பகத்தன்மைச் சான்றோ அல்ல என்று ஃபின்சென் தன் தேடல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. வேறு நாட்டுக் கம்பெனிப் பதிவுச் சான்றும் இப்படித்தான். இந்தியாவின் நிதிப் புலனாய்வுப் பிரிவுப் பதிவுகூடப் பணமோசடித் தடுப்புக்கானது; எக்ஸ்சேஞ்ச் திவாலானால் உங்கள் பணத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

பதிவேட்டைப் பார்த்த கையோடு எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். எஃப்சிஏ, எம்ஏஎஸ் போன்றவை இதைத் தனியே வெளியிடுகின்றன; பல நாட்டு எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் தேட பல நாட்டுப் பத்திரச் சந்தை ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான ஐயோஸ்கோவின் ஐ-ஸ்கேன் தேடல் தளம் உதவும். இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லையென்றால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் இருக்கும், நீங்கள் தேடும் சேவை இருக்காது

பிரிட்டனில் கிரிப்டோ ஃபியூச்சர்ஸ் போன்ற டெரிவேட்டிவ்களை (காயினை வாங்காமல் அதன் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களை) சாதாரண முதலீட்டாளர்களுக்கு விற்க 2021 ஜனவரி 6 முதல் தடை. ஐரோப்பாவில் மிகா விதிக்குள் வராத ஸ்டேபிள்காயின்களை (டாலர் போன்ற நாணயத்தோடு விலை பிணைக்கப்பட்ட காயின்களை) எக்ஸ்சேஞ்சுகள் 2025 மார்ச் வாக்கில் வர்த்தகத்திலிருந்து நீக்கின; யுஎஸ்டிடி அதில் ஒன்று. ஸ்டேக்கிங் (காயின்களைப் பூட்டி வைத்து வருமானம் பெறுவது), கடன், கார்டு ஆகியவற்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. ஆகவே 'இந்த எக்ஸ்சேஞ்ச் இங்கே இருக்கிறதா' என்று மட்டும் கேட்காமல், உங்களுக்கு வேண்டிய காயினும் சேவையும் உங்கள் நாட்டுக்கு உண்டா என்று உதவிப் பக்கத்தில் பாருங்கள்.

வங்கி வழியைச் சிறு தொகையால்தான் சோதிக்க முடியும். குறைந்தபட்சத் தொகையைப் போட்டு, வாங்கி, விற்று, உங்கள் பெயரிலுள்ள அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி எடுங்கள். போடுவது மட்டும் நடந்தால் சோதனை பாதிதான் முடிந்தது. பணம் கட்டச் சொல்லும் கணக்கு ஒரு தனிநபரின் பெயரிலோ சம்பந்தமில்லாத நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கி வழியே இல்லாமல், பயனர்கள் தங்களுக்குள் நேரடியாக வாங்கி விற்கும் பி2பி மட்டுமே இருக்கும் எக்ஸ்சேஞ்சில் வேறு ஆபத்து: உங்களிடம் காயின் வாங்குபவர் அனுப்பும் பணம் மோசடிப் பணமாக இருந்தால், விசாரணையில் முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு.

இணைய இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டுவது வழியாகாது. எக்ஸ்சேஞ்ச் ஐபி முகவரியை மட்டும் பார்ப்பதில்லை. போன் எண், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு இருக்கும் நாடு எல்லாவற்றையும் ஒப்பிடுகிறது. முரண்பட்டால் கணக்கு முடங்கும், விதிமுறையை மீறியவர் நீங்கள் என்பதால் முறையிடவும் பிடி இருக்காது. தடை காகிதத்தில் மட்டும் இருந்த காலமும் போய்விட்டது: அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சேவை இல்லை என்று சொல்லிக்கொண்டே சேவை தந்ததற்காக ஓகேஎக்ஸ் 2025 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலருக்கு மேல் கட்டியது. இப்படி ஒரு வழக்கு முடிந்ததும் எக்ஸ்சேஞ்சுகள் பழைய கணக்குகளையும் தோண்டி ஆவணம் கேட்கத் தொடங்குகின்றன.

இருந்த எக்ஸ்சேஞ்ச் வெளியேறினால்

இன்று இருக்கும் அனுமதி நாளை போகலாம். பைனான்ஸ் நெதர்லாந்திலிருந்து விலகுவதாக 2023 ஜூன் நடுவில் அறிவித்தது. ஜூலை 17 முதல் அங்கிருந்தவர்கள் காயின்களை எடுக்க மட்டுமே முடிந்தது. இடையில் கிடைத்தது ஏறத்தாழ ஒரு மாதம். கனடாவில் அதே ஆண்டு செப்டம்பர் இறுதிவரை அவகாசம் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் மின்னஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது, போய்ச் சேரும் வாலட் (காயின்களை வைக்கும் டிஜிட்டல் பணப்பை) அதே நெட்வொர்க்கை (காயின் போகும் பிளாக்செயின் வழியை) ஏற்கிறதா என்று உறுதி செய்து, சிறு தொகை அனுப்பிப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். கணக்கை மூடும் முன் தொடக்கம் முதலான பரிவர்த்தனை விவரம் முழுவதையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனாலும் வரிப் பொறுப்பு போவதில்லை. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு அந்தக் கோப்பே சான்று. நுழைவு முடக்கப்பட்ட பிறகு அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.