டயர் பிரஷர்: சொல்லும் பொருளும்

சாலைப் பந்தய மிதிவண்டி ஓட்டுவோர் ‘டயர் பிரஷர்’ என்று சொல்வது, டயருக்குள் அடைபட்ட காற்று தன்னைச் சூழ்ந்த சுவரின் ஒவ்வொரு சதுர அலகின்மீதும் செலுத்தும் விசையை. அளவி காட்டும் எண், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே இருப்பது எவ்வளவு மிகுதி என்பதையே தெரிவிக்கிறது. ஆகவே கடல்மட்டத்தில் அளவி 5 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு) என்று காட்டினால் உள்ளிருக்கும் முழு அழுத்தம் ஏறத்தாழ 6 பார் ஆகும்.

‘டயர்’ என்பது ஆடையணிகளைக் குறிக்கும் ‘அட்டயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துத் தேய்ந்த வடிவம் என்பது சொற்பிறப்பாய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. மரச்சக்கரத்தின் விளிம்பில் இறுக்கிய இரும்புப் பட்டையைச் சக்கரத்துக்கு உடுத்திய உடையாகக் கண்டிருக்கிறார்கள். அந்த உடைக்குள் காற்றை அடைக்கும் எண்ணத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதை மிதிவண்டிக்கு அமைத்து, மறு ஆண்டு பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் அத்தகைய டயர்களோடு பந்தயங்களில் வென்ற பிறகே அது பரவியது. ‘பிரஷர்’ அழுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘பார்’ என்னும் அலகின் பெயர், எடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘பாரோஸ்’ வழியாக அமைந்தது. தமிழில் வழங்கும் ‘பாரம்’ அதனோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே: பாரம், ‘சும’ என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது, கிரேக்கச் சொல்லின் உண்மையான உறவு, கனமானது என்று பொருள்படும் வடமொழிக் ‘குரு’. ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.5 பவுண்டு.

தமிழில் டயருக்கு ‘உருளிப்பட்டை’ என்னும் சொல் வழங்குகிறது. உருளி என்பது சக்கரத்துக்குப் பழைய பெயர். பட்டை என்பது அதைச் சுற்றியிருக்கும் இரும்பையும் குறித்த சொல்லாதலால், பொருள் நேராகப் பொருந்துகிறது. ‘பிரஷர்’ என்பதற்கு ‘அழுத்தம்’ என்று மட்டும் சொல்வது போதாது. முன்பின் தொடர்பின்றிக் கேட்பவருக்கு இரத்த அழுத்தமே நினைவில் எழும். ‘காற்றழுத்தம்’ என்றால் வானிலை அறிக்கையின் தாழ்வு மண்டலம் குறுக்கே வரும். எனவே முதன்முறை ‘உருளிப்பட்டைக் காற்றழுத்தம்’ என்று முழுமையாகவும், பின்னர் ‘பட்டை அழுத்தம்’ என்று சுருக்கியும் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.

‘இறுக்கம்’ என்னும் சொல்லை இதற்கு மாற்றாக எழுதுவோர் உண்டு. அதை ஏற்க இயலாது. இறுக்கம் என்பது டயரின் துணியிழைகள் ஏற்கும் இழுவிசை. அது அழுத்தத்தை மட்டுமன்றி, டயரின் குறுக்குவெட்டு ஆரத்தையும் பொறுத்து, இரண்டின் பெருக்கத்துக்கு ஏற்ப அமைகிறது. 23 மில்லிமீட்டர் அகல டயரில் 7 பார் தரும் இறுக்கத்தை 28 மில்லிமீட்டர் அகல டயரில் 5.75 பார் அழுத்தமே தந்துவிடும். விரலால் அழுத்திப் பார்ப்பவர் உணர்வது பெரும்பாலும் இறுக்கத்தைத்தான். அகலமான டயருக்கு மாறிய பின்னும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருப்போர் கல்போல் இறுகிய சக்கரத்தில் வருந்துவதற்கு, இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வதும் ஒரு காரணம்.

அழுத்தம் கூடக்கூட வேகமும் கூடும் என்னும் நம்பிக்கை பந்தய உலகில் நெடுங்காலம் நிலவியது. வழவழப்பான உருளையின்மேல் வைத்துச் சோதித்தால் அது மெய்யாகவே தோன்றும். ரப்பரும் துணியும் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீளும்போது, கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்புவதில்லை. இந்த இழப்பை இயற்பியல் பாடநூல்களின் வழியைப் பின்பற்றி ‘மீட்சித் தயக்கம்’ எனலாம். அழுத்தம் மிகுந்தால் நசுங்கல் குறைகிறது, அதனால் இவ்விழப்பும் குறைகிறது. சாலையோ உருளையன்று. அங்கே ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல், டயர் விழுங்கியிருக்க வேண்டிய சிறு மேடுகள் வண்டியையும் ஓட்டுபவரையும் தூக்கிப் போடத் தொடங்குகின்றன. முன்செல்ல வேண்டிய ஆற்றல் தசைகளின் நடுக்கத்தில் வெப்பமாகித் தொலைகிறது. உருள்தடை, அதாவது சக்கரம் உருள்வதற்கு எதிராக எழும் மொத்தத் தடை, குறைவதை விட்டு ஏறத் தொடங்கும் அந்த இடத்துக்குத் ‘திரும்புபுள்ளி’ என்னும் பெயர் தகும் என்று கருதுகிறேன். புள்ளிக்குக் கீழே தடை மெதுவாகவும், மேலே விரைவாகவும் ஏறுவதால், ஐயம் நேருமிடத்தில் சற்றுக் குறைத்து வைப்பதே நன்று. கற்பாவிய சாலைகளைக் கொண்ட பாரிஸ்–ரூபே போன்ற பந்தயத்தில் இப்புள்ளி மிகவும் கீழிறங்கிவிடும். ஓட்டத்தின் நடுவிலேயே அழுத்தத்தை மாற்றும் கருவிகளை அங்கே அணிகள் நாடியதும் இதனால்தான்.

ஆளுக்கேற்ற எண் எடையிலிருந்து தொடங்குகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 78 கிலோ எனக் கொள்வோம். அதில் 55 விழுக்காடு பின்சக்கரத்தில் இறங்கினால் அங்கு ஏறத்தாழ 43 கிலோ. 5 பார் அழுத்தத்தில் அதைத் தாங்க, தரையைத் தொடும் பரப்பு சுமார் 8.4 சதுர சென்டிமீட்டர் வேண்டும். முன்சக்கரத்தின் சுமை குறைவு என்பதால் அதன் அழுத்தமும் சிறிது குறைவாக இருக்கலாம். ஈரச் சாலையில் பிடிப்புக்காக இன்னும் சற்றுக் குறைப்பார்கள். காலைக் குளிரில் அளந்தபின் வெப்பம் 20 பாகை ஏறினால், 5 பார் காட்டிய அளவி ஏறத்தாழ 5.4 காட்டும். லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பராலான உட்குழாய் (டியூப்) ஓரிரவிலேயே தெளிவாகக் காற்றை இழப்பதால், அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அளக்க வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணைப் பலர் பரிந்துரையாகப் படித்துவிடுகிறார்கள். அதைத் தமிழில் ‘உச்ச அழுத்தம்’ என்றே குறிக்க வேண்டும். அது தாண்டக் கூடாத வரம்பு. கொக்கியற்ற ரிம்களில், அதாவது டயர் பொருந்தும் சக்கர வளையங்களில், டயரின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் மடிப்பு இல்லாததால், சாலை மிதிவண்டிகளுக்கான தரவிதிகள் அங்கே 5 பார் என்று தனி வரம்பு வைத்திருக்கின்றன. டயரின் எண்ணும் ரிம்மின் எண்ணும் வேறுபட்டால், இரண்டில் சிறியதே உச்ச அழுத்தம்.