லித்தியம் பற்றரிக்குள் முளைக்கும் ஊசி

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாதபோது, போன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே இலங்கை மலையகத்தில் வீட்டுக்கு வீடு கவலை. போன் பற்றரியில் லித்தியம் அயன்கள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) கிராபைட்டு என்ற கார்பனுக்குள் புகுந்து தங்குகின்றன. ஒரு கிராம் கிராபைட்டின் கொள்ளளவு சுமார் 372 மில்லியம்பியர்-மணி. அதற்குப் பதிலாக லித்தியம் உலோகத்தையே வைத்தால் கிராமுக்கு 3,860. ஏறக்குறைய பத்து மடங்கு!

அப்படி வைத்துப் பார்க்காமலும் இல்லை. 1970களில் வேதியியலாளர் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய பற்றரியில் இருந்தது லித்தியம் உலோகம்தான். ஆனால் அது தீப்பிடிக்கும் ஆபத்து தீரவில்லை. 1991 இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பற்றரியில் உலோகத்தின் இடத்தைக் கார்பன் பிடித்துக்கொண்டது.

சிக்கல் சார்ஜ் ஏறும்போது தொடங்குகிறது. வந்து சேரும் அயன்கள் உலோகத்தின் மேல் படலமாகப் படிகின்றன. ஆனால் அந்தப் பரப்பு ஒருபோதும் முழுச் சமதளம் இல்லை. எங்கே சிறு மேடு இருக்கிறதோ அங்கே மின்புலம் வலுவாகிறது, அயன்களும் அங்கேதான் அதிகம் போகின்றன. தேயிலைச் சரிவில் மழைநீர் ஒருதரம் தடம் அறுத்துவிட்டால் அடுத்த மழையும் அதே வழியில் இறங்கி அதை ஆழமாக்குமே, அதுபோலத்தான். மேடு ஊசியாக நீண்டு, நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால் ஷோர்ட் ஆகிவிடும். உள்ளே இருப்பதோ எரியக்கூடிய திரவம்.

ஆயுள் குறைவதற்கும் இதே ஊசிகள்தான் காரணம். திரவத்தோடு வினைபுரியும் லித்தியத்தின் மேல் ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. உலோகம் பருத்து மெலியும்போது தோல் வெடிக்கிறது. வெடிப்பில் தெரியும் புது லித்தியமும் வினைபுரிந்து வீணாகிறது. ஊசிகள் முறிந்து, தோலுக்குள் சிக்கி, மின்தொடர்பு அறுந்த துண்டுகளாகின்றன. இவைதான் ‘இறந்த லித்தியம்’.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது இந்தத் தோலைத்தான் என்று நினைக்கிறேன். திரவத்தில் புளோரின் சேர்மங்களைக் கலந்தால் லித்தியம் புளோரைட்டு நிறைந்த உறுதியான தோல் கிடைக்கிறது. திரவத்துக்குப் பதில் திண்மப் பீங்கானை வைப்பது இன்னொரு வழி. அது எரியாது, ஆனால் அதன் நுண்வெடிப்புகளுக்குள்ளும் லித்தியம் நுழைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 2024 இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கண்டது. சார்ஜ் முழுவதும் தீர்ந்த நிலையில் பற்றரியைச் சும்மா விட்டால், இறந்த துண்டுகளைச் சுற்றிய தோலில் ஒரு பகுதி கரைகிறது. அடுத்த சார்ஜில் அந்தத் துண்டுகள் திரும்ப இணைந்துகொள்கின்றன. பொருள் எதையும் மாற்றத் தேவையில்லை, ஓய்வு போதும்.

இது உலோகப் பற்றரிகளுக்கான வழி; இப்போதைய போனுக்கு அல்ல. ஆனால் கடுங்குளிரில் சார்ஜ் போட்டால் கிராபைட்டுக்குள் போக முடியாத லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படியும். நுவரெலியாவில் தேயிலை கருகும் ஜனவரிப் பனியில் வெளியே கிடந்த பற்றரியை உள்ளே எடுத்து, குளிர் விட்ட அப்புறம் சார்ஜ் போடுங்கள்.