"நல்லா இழுத்து மூச்சு விடு"ன்னு சொல்றத மொதல்ல நிறுத்துங்க

மறுபடியும் அதே கேஸ். படபடப்புன்னு ஒரு காலேஜ் பொண்ணு, கூட வந்த அத்தன பேரும் ஒரே குரல்ல "இழும்மா, இன்னும் நல்லா இழு, டீப்பா இழு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, அதுவும் பாவம் சொன்னபடியே வாயால புஸ் புஸ்ஸுன்னு இழுத்து இழுத்து கடைசில உதட்டச் சுத்தி மரத்துப்போய், ரெண்டு கை விரலும் கூம்பி விறைச்சுக்கிச்சு. உடனே ஃபிட்ஸ்னு அலறல். ஃபிட்ஸ் இல்லீங்க, நீங்க குடுத்த அட்வைஸ்தான். விரல்ல மாட்டின மெஷின்ல ஆக்சிஜன் 99 காட்டுது, அப்பவும் ஒருத்தர் "மூச்சு பத்தல போல டாக்டர், ஆக்சிஜன் வைங்க"ங்கறார்.

எத்தன தடவ சொல்றது, டென்ஷன்ல இருக்கவங்களுக்குக் காத்து பத்தாம போறதில்ல, அதிகமாத்தான் போகுது. வேகமா நிறைய இழுத்தா ரத்தத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிரும். அது கழிவுதானே, போனா நல்லதுன்னு நினைக்கறீங்க. இல்ல. அது ஒரு அளவுல இருந்தே ஆகணும். குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், தலை சுத்தும், விரல் மரக்கும், "செத்துருவேனோ"ன்னு பயம் வரும், பயத்துல இன்னும் வேகமா இழுப்பாங்க. இப்படியே ஏறிக்கிட்டே போகும். அதனால ஆழமான மூச்சுன்னா பெரிய மூச்சு இல்ல, மெதுவான மூச்சு. நெஞ்ச விரிச்சு தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறுதுன்னா நீங்க தப்பா பண்றீங்க. வயித்து மேல ஒரு கைய வைங்க, அந்தக் கைதான் அசையணும்.

சும்மா உக்காந்திருக்கறப்போ நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 மூச்சு நார்மல். மூக்கால 4 எண்ணி உள்ள, 6 எண்ணி வெளிய, அப்ப நிமிஷத்துக்கு 6 தான் வரும். விஷயமே வெளிய விடறதுலதான் இருக்கு. சந்தேகம்னா மணிக்கட்டுல நாடியப் புடிச்சுப் பாருங்க, உள்ள இழுக்கறப்போ கொஞ்சம் வேகமாவும் வெளிய விடறப்போ நிதானமாவும் துடிக்கும், சின்ன வயசுக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒரு நாளைக்கு 10 நிமிஷம் போதும். ஆனா நல்லா இருக்கறப்பவே பழகுங்க, படபடப்பு வந்தப்புறம்தான் மொத மொதல்ல ட்ரை பண்ணுவேன்னா அது வேலைக்கு ஆகாது.

இன்னொரு கூட்டம் "கண்ண மூடினா மனசு ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது, எனக்கு தியானம் செட் ஆகல"ன்னு வருவாங்க. யாருக்குத்தான் நிக்குது? ஓடிருச்சுன்னு கவனிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வர்றீங்களே, பயிற்சியே அதுதான். ஆனா சிலருக்கு, முக்கியமா பெரிய அதிர்ச்சிய அனுபவிச்சவங்களுக்கு, கண்ண மூடினா பழசெல்லாம் கிளம்பி நிலம இன்னும் மோசமாகும். அவங்களப் புடிச்சு உக்கார வைக்காதீங்க, ப்ளீஸ். கண்ணத் திறந்து வச்சுக்கிட்டே பண்ணலாம், இல்லன்னா 1920கள்லயே ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொல்லிக்குடுத்த தசைத் தளர்வுப் பயிற்சி இருக்கு. கைய அஞ்சு செகண்ட் இறுக்கி மூடிட்டு சட்டுனு விட்டுட்டு அந்த வித்தியாசத்தக் கவனிக்கணும், அப்புறம் தோள், முகம், கால்னு ஒவ்வொண்ணா போகணும். பெருசா எதுவும் தெரியற மாதிரி இருக்காது, ஆனா தூக்கம் வராதவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதத்தான்.

மூச்சுப்பயிற்சி ஆரம்பிச்சாச்சுன்னு பிபி மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. பிபி குறையலாம், குறைஞ்சா டோஸக் குறைக்கறது எங்க வேலை, சில மாத்திரைய திடீர்னு விட்டா முன்ன இருந்தத விட மேல எகிறிரும். கர்ப்பமா இருக்கறவங்க, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க, இதய நோய் இருக்கறவங்க கபாலபாதி, பஸ்த்ரிகா மாதிரி வேக வேகமா மூச்சு விடற பிராணாயாமம், மூச்ச அடக்கறது எதுவும் வேணாம். க்ளாக்கோமாங்கற கண் நோய் இருந்தா சிரசாசனம் பக்கமே போகாதீங்க, கண்ணுல பிரஷர் ஏறும். தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு வாங்கிட்டு முங்கவே முங்காதீங்க, உள்ளயே மயக்கம் போட்டு செத்தவங்க இருக்காங்க. படபடக்கறவங்க மூஞ்சில பேப்பர் பையக் கவுக்கறதும் வேணாம், அது ஆஸ்துமாவா ஹார்ட் அட்டாக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

நெஞ்சு அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டுதுன்னா அது டென்ஷனாத்தான் இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. அப்ப பயிற்சியெல்லாம் ஒண்ணும் வேணாம், நேரா எமர்ஜென்சிக்கு வாங்க.